மாசானம் வேனோடு நடந்த கதை

முதலில் கேட்பது கதவுச் சத்தம்தான். டொம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு டொம். யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம், ஏதோ பாத்திரம் தகரத்தில் இடிபடுகிற சத்தம், மறுபடியும் டொம். கொழுஞ்சிப்பட்டிக்கு விருந்தாளியாக வந்து படுத்திருப்பவர்கள், எவனோ வீடு வீடாகக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான் என்று பதறி எழுந்து வாசலுக்கு ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் மாசானத்தின் வேன் நிற்கும்.

அந்த வேனின் பக்கக் கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும். கீழத்தெருவில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு வீட்டிலிருந்து நாலு பேர் அதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறார்கள். கொம்பையா வீட்டு வாசலில் வேன் நிற்கும். அவர் ஏறுவார், டொம். வேன் கிளம்பி, கிளம்பிய புகை அடங்குவதற்குள் வேலாயுதக்கனி வீட்டு வாசலில் நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கொம்பையா ஏறும்போதே நீங்களும் போய் ஏறிக்கொண்டால் என்ன என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டதற்கு, வேலாயுதக்கனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவரு வாசல்ல ஏறுததுக்கு நான் என்ன அவரு வீட்டு மருமகனா?" என்றான். 

மூன்றாவது வாசலில் இசக்கியம்மா ஏறுவாள். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அவளுக்குக் குமட்டும். நாலாவது வாசலில் ஆவுடையப்பன். அதிகம் பேசமாட்டான். யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவான். அதனாலேயே அவனிடம் எதையும் சொல்ல எல்லாருக்கும் கொஞ்சம் பயம்.

தீப்பெட்டி ஆபீஸ் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. கீழத்தெருவில் நின்று பார்த்தால் அதன் ஓட்டுக்கூரை தெரியும். கண்மாய்க் கரை வழியாக நடந்தால், பற்ற வைத்த பீடி அணைவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் வேன் கரைமேல் போகாது. கருவேலங்காட்டைச் சுற்றி, மெயின் ரோட்டைத் தொட்டு, மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கித்தான் போகவேண்டும். நாலு பேரும் அப்படித்தான் போனார்கள். போய் இறங்கி, சாயங்காலம் வரை உட்கார்ந்து பெட்டிக்குள் குச்சி அடைத்தார்கள்.

மாசானத்துக்கு அந்த வேன்தான் எல்லாம். நடுத்தர வயது. வயிறு ஸ்டியரிங்கில் போய் முட்டி, வளைவுகளில் அதுவும் கொஞ்சம் உதவி செய்தது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான். அது நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருந்த மச்சினன் நவநீதன். பொங்கலுக்கு வந்தாலும் கோயில் கொடைக்கு வந்தாலும், பத்துப் பேர் கேட்கும்படி, "மச்சான், இந்த வண்டி என்னைக்கு நிக்குதோ அன்னைக்குச் சொல்லுங்க. கோழிக்குத் தீனி வைக்க ஆளில்லாம இருக்கேன்" என்பான். மாசானம் சில நாள் கனவில் தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஆயிரம் கோழி அவரைத் திரும்பிப் பார்க்கும். வியர்த்து எழுந்து, வாசலுக்கு வந்து, வேன் நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பார்.

இப்படி இருக்கையில் ஆபீசில் மருத்துவ முகாம் போட்டார்கள். ஷீபா என்று ஒரு டாக்டரம்மா வந்தார். எல்லார் கையிலும் பட்டையைச் சுற்றி, விரலில் குத்தி, தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உங்க எல்லாருக்கும் ஒரே வியாதிதான்" என்றார். "உட்கார்ற வியாதி. வீட்டுல உட்கார்றீங்க, வேன்ல உட்கார்றீங்க, இங்க வந்தும் உட்கார்றீங்க. இனிமே வேலைக்கு வேன்ல வராதீங்க, நடந்து வாங்க. காலையிலே, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. கையை நல்லா வீசி நடக்கணும். நடக்கறப்போ பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். ஆவுடையப்பன் அங்கேயே ஒரு தடவை கையை வீசிப் பார்த்ததில் பக்கத்திலிருந்த கம்பவுண்டர் மேல் பட்டது.

லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று மாசானமும் வரிசையில் நின்றிருந்தார். அவர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கியபோது டாக்டரம்மாவின் புருவம் மேலே போனது. இரண்டாம் தடவை பார்த்தார். இன்னும் மேலே போனது. இந்தப் பிரஷரோடு வண்டி ஓட்டத் தகுதி என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன், அடுத்த மாதம் வருவேன், அதற்குள் நீங்களும் நடந்து உடம்பைக் குறைத்தால் தருகிறேன், இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாசானம் வெளியே வந்து வேனில் சாய்ந்துகொண்டார். நாலு பேரும் நடந்தால் வேனில் ஏற ஆளில்லை. அவர் நடக்காவிட்டால் வேனை ஓட்ட லைசென்ஸ் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் நவநீதன் வாளியோடு நின்றான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நேரத்தில் முதல் சிக்கல் வந்தது. வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேரும் ஏறாமல் நின்றார்கள். வேனில் வரக்கூடாது என்றுதானே சொன்னார், போவதைப் பற்றிச் சொல்லவில்லையே என்றாள் இசக்கியம்மா. வந்தால்தானே போக முடியும், இரண்டும் ஒன்றுதான் என்றான் வேலாயுதக்கனி. வயதில் மூத்தவரும், எதையும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொல்பவருமான கொம்பையா, இதை உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். எங்கே உட்காருவது? வேனில்தான் இடம் இருந்தது. அசையாத வேனில் உட்காருவது வேனில் போவதாகாது என்று கொம்பையா தீர்ப்புச் சொன்ன பிறகு, எல்லாரும் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முடிந்தபோது இருட்டிவிட்டது. இருட்டில் நடக்கும்படி டாக்டரம்மா சொல்லவில்லை. ஆகவே வேனிலேயே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையிலிருந்து நடை தொடங்கியது.

ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு நாலு பேரும் ரோட்டில் இறங்கினார்கள். கண்மாய்க் கரை வழியாகப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆபீசுக்கு வழி என்றால் அது ரோடுதான். மாசானம் வாசலில் நின்று, பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை வீசி நடக்கச் சொன்னதை ஆவுடையப்பன்தான் முழு மனதோடு செய்தான். அவன் வீசிய வீச்சில் தூக்குச்சட்டியின் மூடி தெறித்து, புளிக்குழம்பு முழுவதும் முன்னால் போன வேலாயுதக்கனியின் முதுகில் இறங்கியது. அவன் திரும்பி, "ஏம்வே, உமக்கு என் மேல ஏதாவது இருந்தா வாயாலே சொல்லக்கூடாதா?" என்றான். ஆவுடையப்பன், டாக்டரம்மா சொன்னதைச் செய்தேன் என்றான். சொன்ன வார்த்தையில் தப்பில்லை, குழம்பில்தான் தப்பு என்று கொம்பையா சமாதானம் செய்தார்.

பாட்டுதான் அதைவிடப் பெரிய தொல்லையாகப் போயிற்று. சரியான வேகத்தில் நடக்கிறோமா என்று தெரிய வேண்டுமானால் பாடிப் பார்த்து, வராமல் இருக்க வேண்டும். இசக்கியம்மா ஊரில் ஒப்பாரி வைப்பவள். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவளுக்குப் பாட்டு நிற்கவில்லை. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று மற்ற மூவரும் துரத்த, அவள் ஒப்பாரியோடு ஓட்டமும் நடையுமாக ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே இருந்தவர்கள் குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, யார் செத்தது என்று கேட்டார்கள். யாரும் சாகவில்லை, சாகக்கூடாது என்றுதான் பாடுகிறேன் என்றாள் அவள், மூச்சு வாங்காமல்.

வேலாயுதக்கனிக்கு வேறு சந்தேகம். "அண்ணாச்சி, எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே பாட்டு வராதே. அப்போ நான் உட்கார்ந்தாலே சரியான வேகத்துல நடந்த மாதிரிதானே?"

கொம்பையா கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. அவரே நடுவில் தூங்கிவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். கடைசியில் கண்ணைத் திறந்து, "நியாயந்தான். ஆனா நீ நட" என்றார்.

புளிக்குழம்பு விஷயத்துக்கும் அன்று மத்தியானமே முடிவு கண்டார்கள். கை வீச வேண்டுமென்றால் கையில் தூக்குச்சட்டி இருக்கக்கூடாது. நம்மைத்தான் வேனில் வரக்கூடாது என்றார்கள்; தூக்குச்சட்டிக்கு எந்த வியாதியும் இல்லை. ஆகவே அது வேனில் வரட்டும். இதைக் கேட்ட மாசானத்துக்குப் போன உயிர் திரும்பியது. "ஒரு சட்டி விடாம ஏத்திக்கிடுதேன் அண்ணாச்சி" என்று கொம்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மறுபடியும் டொம், டொம் என்று கேட்டது. கொம்பையாவின் தூக்குச்சட்டி அவர் வாசலில் ஏறியது. வேலாயுதக்கனியின் தூக்குச்சட்டி அவன் வாசலில் ஏறியது. இசக்கியம்மாவின் தூக்குச்சட்டியை ஜன்னலோரம் வைத்தார்கள். போய் இறங்கும்போது சட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால், நாலு பேருக்கும் பின்னாலேயே, நடக்கிற வேகத்தில், முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தார் மாசானம். எதிரே வந்தவர்கள் ஏதோ சவ ஊர்வலம் என்று ஒதுங்கி நின்று செருப்பைக் கழற்றினார்கள். இசக்கியம்மாவின் பாட்டும் அதற்குத் தோதாக இருந்தது.

வேன் பிழைத்தது. ஆனால் மாசானத்தின் வயிறு அப்படியே இருந்தது. நடந்த நாலு பேரும் நாளாக ஆகத் தெளிந்தார்கள். கொம்பையாவுக்குக் குனிந்து எழும்போது முட்டியில் கேட்கும் சத்தம் நின்றது. வேலாயுதக்கனி ராத்திரி குறட்டை விடாததால் அவன் பெண்டாட்டி, ஆள் இருக்கிறானா என்று எழுப்பிப் பார்த்தாள். மாசானம் மட்டும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் மச்சினன் வேறு போன் செய்து, சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று அன்பாக விசாரித்தான்.

ஒருநாள் ஆபீஸ் வேப்பமரத்தடியில் மாசானம் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். "நான் நடக்கலைன்னா வண்டி போயிரும். நடந்தா வண்டியை யாரு ஓட்டுவா? எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

கூடி உட்கார்ந்தார்கள். மாசானம் நடக்கட்டும், வேனை ஆவுடையப்பன் ஓட்டட்டும் என்று இசக்கியம்மா சொல்ல, ஆவுடையப்பன் உடனே எழுந்து சாவிக்குக் கையை நீட்டினான். அவனுக்கு ஓட்டத் தெரியாது என்பதை நினைவுபடுத்தி உட்கார வைத்தார்கள். வேனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்றான் வேலாயுதக்கனி. அப்புறம் தூக்குச்சட்டி எதில் வரும் என்று மாசானமே கேட்டார். எல்லாரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாக? மாசானம் நடக்கணும். வண்டிக்குள்ள உட்காரக்கூடாது" என்றார் கொம்பையா. "வண்டி வரக்கூடாதுன்னு சொன்னாகளா?"

"இல்லை" என்றார்கள் எல்லாரும்.

"அப்போ வண்டியும் வரட்டும். மாசானமும் நடக்கட்டும். நாம பின்னால நின்னு தள்ளுவோம்."

இவ்வளவு சுலபமான விஷயம் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று எல்லாருக்கும் வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் முதல் வேன் எஞ்சின் சத்தமே இல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பியது. உள்ளே நாலு தூக்குச்சட்டி, கூட மாசானத்தின் தூக்குச்சட்டி டிரைவர் சீட்டில். பின்னால் நாலு பேர் தள்ளினார்கள். மாசானம் வலது பக்கக் கதவோரமாக நடந்து, ஜன்னல் வழியே இடது கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நன்றாக வீசினார். ரோட்டில் போனவர்களுக்கு அவர் வேனோடு ஏதோ தகராறு செய்துகொண்டு போவதுபோலத் தெரிந்தது.

மேட்டில் ஏற்றும்போது எதிரே வந்த லாரியை நிறுத்தி, வாட்டசாட்டமான ஒரு கிளீனர் குதித்து ஓடி வந்தான். ஒதுங்குங்க அண்ணாச்சி என்று அவர்களை விலக்கிவிட்டு, ஒற்றை ஆளாக வேனை மேடு முழுவதும் தள்ளிக் கொண்டுபோய் உச்சியில் நிறுத்தினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

இசக்கியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் தம்பி, உன் உடம்பு நல்லாத்தானே இருக்கு? எங்களுக்கு உள்ளதை நீ எதுக்கு எடுத்துக்கிட்டே?"

கிளீனருக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, நாலு பேரும் மாசானமும் சேர்ந்து வேனைப் பதனமாக மேட்டிலிருந்து பின்னுக்கு இறக்கி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, மறுபடியும் மேலே தள்ளத் தொடங்கினார்கள். அவன் லாரியில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டான்.

மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் லூர்து, தினமும் இவர்கள் தன் கடையைத் தாண்டி வேனைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து மனம் கேட்காமல், ஒருநாள் ஸ்பானரோடு குறுக்கே வந்து நின்றான். காசு எதுவும் வேண்டாம், வண்டிக்கு என்ன என்று பார்த்துத் தருகிறேன் என்றான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லை தம்பி" என்றார் மாசானம். "எங்களுக்குத்தான் உடம்பு சரியில்லை."

லூர்து ஸ்பானரைப் பையில் வைத்துக்கொண்டு வழி விட்டான்.

இதற்குள் மாசானத்துக்கு ஒரு புதுக் கவலை முளைத்திருந்தது. தினமும் வலது கைதான் வீசுகிறது. இடது கை ஸ்டியரிங்கிலேயே கிடக்கிறது. இப்படியே போனால் பாதி உடம்புதான் குணமாகும். டாக்டரம்மா பட்டையை இடது கையில் சுற்றினால் என்ன ஆவது? திரும்பி வரும்போதும் வேனைத் திருப்பிக்கொண்டு வருவதால் மறுபடியும் அதே கைதான். இதைச் சொன்னதும் வேலாயுதக்கனி, வாழ்க்கையில் முதல் தடவையாக, கொம்பையாவை முந்திக்கொண்டான். "அப்போ வேனைத் திருப்பாதீங்க மச்சான்."

அன்றிலிருந்து வேன் முன்பக்கமாக ஆபீசுக்குப் போய், பின்பக்கமாக வீட்டுக்கு வந்தது. போகும்போது நாலு பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள். வரும்போது முகப்பில் கை வைத்துத் தள்ளினார்கள். மாசானம் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தபோது வலது கை ஸ்டியரிங்குக்கும், இடது கை காற்றுக்கும் கிடைத்தது. இரண்டு கைக்கும் நியாயம் செய்துவிட்டோம் என்று எல்லாருக்கும் திருப்தி.

பள்ளம் ஒன்றுதான் அவர்களுக்கு அடங்கவில்லை. ஒருநாள் காலை, இறக்கத்தில் வேன் தானாகவே உருண்டு வேகம் பிடித்தது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. மாசானம் ஸ்டியரிங்கை விடாமல் கூடவே ஓடினார். அத்தனை வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வளைவில் வேன் நேராகப் போய், ஒரு வைக்கோல் படப்பில் மூக்கைப் புதைத்து நின்றது. தூக்குச்சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. யாருடைய சோறு யாருடைய குழம்பில் கலந்தது என்று தெரியாததால் அன்று ஐந்து பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். அப்போது கொம்பையா, இறக்கத்தில் வண்டி நம்மை ஏமாற்றுகிறது, நாம் நடக்க வேண்டிய நடையை அது நடக்கிறது என்றார். மறுநாள் முதல் பின்னால் வடக்கயிறு கட்டினார்கள். மேட்டில் தள்ளினார்கள், பள்ளத்தில் இழுத்துப் பிடித்தார்கள். வேன் எந்தப் பக்கமும் போக இஷ்டமில்லாமல் நடுவில் திணறியது.

நாமக்கல் வரைக்கும் சேதி போய்விட்டது. நவநீதன் கூப்பிட்டான். "மச்சான், வண்டி படுத்துருச்சாமே. ஊரே சேர்ந்து தள்ளிக்கிட்டுப் போறீங்களாமே. மனசை விட்ராதீங்க. உங்களுக்குன்னு ஒரு வாளி புதுசா வாங்கி வெச்சிருக்கேன்." மாசானம் போனை வைத்துவிட்டு, அன்று கையை இன்னும் வேகமாக வீசினார்.

டாக்டரம்மா சொன்னபடி அடுத்த மாதம் வந்தார். மாசானத்தை உள்ளே கூப்பிட்டபோது, வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தார். மாசானத்தின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. வயிறு இருந்த இடத்தில் ஒரு பெல்ட் மட்டும் இருந்தது. வலது கையில் பட்டையைச் சுற்றினார், சரியாக இருந்தது. இடது கையிலும் பாருங்கள் என்று மாசானம் நீட்டினார். அதுவும் சரியாக இருந்தது. மாசானம் வெளியே திரும்பி, வேலாயுதக்கனியைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்.

என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம் என்றார் கொம்பையா. சொன்னதைச் செய்த ஆட்களைத் தன் வாழ்நாளில் அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

மாசானம் கண் கலங்கிவிட்டார். ஓடிப்போய் வேனில் ஏறி, எத்தனையோ நாளைக்குப் பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைத் திருகினார்.

டிக் என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருகினார். டிக்கும் இல்லை.

லூர்துவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் முகப்பைத் திறந்து உள்ளே குனிந்தான். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. அவன் குட்டிகளை எடுத்து ஓரமாக விட்டான். பேட்டரியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.  வீட்டிலிருந்து அவர் மனைவி பிச்சம்மாள் போன் செய்து, வண்டி கிளம்பவில்லையாமே, நாமக்கல் தம்பிக்குச் சொல்லிவிடவா என்று கேட்டாள். மாசானம், கொஞ்சம் பொறு என்றார். 

"வண்டியும் மனுசன் மாதிரிதான் அண்ணாச்சி" என்றான் லூர்து. "ஓடாமக் கெடந்தா கெட்டுப்போகும். பேட்டரியை மாத்தித் தாரேன், பிழைச்சிரும். ஆனா இனிமே தள்ளாதீங்க. தினம் காலையில ஆளேத்தி ஓட்டுங்க. ஆள் ஏறணும், வண்டி ஓடணும். இல்லைன்னா இதை இரும்புக்கடைக்குத்தான் போடணும்."

வண்டி பிழைத்தது. ஆனால் நாலு பேரும் மாசானமும் வேப்பமரத்தடியில் இடி விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய டாக்டர், காலையில் வேனில் ஏறாதே, நட என்கிறார். வேனுடைய டாக்டர், காலையில் வேனில் ஏறு, ஓட்டு என்கிறான். நடக்காவிட்டால் மாசானத்துக்குப் பிரஷர் திரும்பும். ஓட்டாவிட்டால் வண்டி போய்விடும். இரண்டுக்கும் முடிவு கோழிதான்.

பாதித் தூரம் ஏறிக்கொண்டு மீதித் தூரம் நடந்தால் என்ன என்று இசக்கியம்மா கேட்டாள். பாதி மாத்திரை போட்டால் பாதிக் காய்ச்சல் இருக்குமே என்றான் வேலாயுதக்கனி. அவன் இப்போதெல்லாம் பெரிய பேச்சுப் பேசினான்.

கொம்பையா கண்ணை மூடினார். காக்கை ஒன்று அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பறந்து போயிற்று. கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு வைத்தியத்தை ஒண்ணாக் கலந்தா ரெண்டும் கேக்காது" என்றார். "ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. முதல்ல வண்டிக்கு. அப்புறம் நமக்கு. ரெண்டும் வெயில் ஏறுததுக்கு முன்னால."

மாசானம் எழுந்து அவர் காலைத் தொடப் போனார். தடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நாலு வாசலிலும் டொம் கேட்டது. நாலு பேரும் ஏறினார்கள். மாசானம் ராஜா மாதிரி ஓட்டினார். மேடு, பள்ளம் எல்லாம் வேன் தானாகவே ஏறித் தானாகவே இறங்கியது. கிளீனர் எவனும் குறுக்கே வரவில்லை. லூர்து பட்டறை வாசலிலிருந்து கையை உயர்த்தினான். ஆபீஸ் வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி, பூட்டி, முகப்பைத் தட்டிக் கொடுத்தார் மாசானம். வண்டியின் வைத்தியம் முடிந்தது.

உடனே ஐந்து பேரும் திரும்பி, ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். தூக்குச்சட்டி வேனில் இருந்ததால் கை இரண்டும் சும்மா இருந்தன. நன்றாக வீசினார்கள். பேச முடிந்தது. இசக்கியம்மாவைத் தவிர யாருக்கும் பாட முடியவில்லை. ஆபீசுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள் எதிர்த்திசையில் பாய்வதைப் பார்த்து, இன்றைக்கு ஆபீஸ் இல்லையோ என்று சிறிது நேரம் தயங்கி நின்றுவிட்டுப் போனார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஐந்து பேரும் மாசானம் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய வைத்தியமும் முடிந்தது.

பிச்சம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரையும் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். இன்றைக்கு லீவா என்று கேட்டாள். இல்லை, வைத்தியம் இப்போதுதான் முடிந்தது என்றார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து ஆபீஸ் சங்கு ஊதுவது கேட்டது.

"அப்போ இனி வேலைக்குப் போகணும்லா" என்றான் வேலாயுதக்கனி.

எல்லாரும் யோசித்தார்கள்.

"வேன் எங்கே?" என்றாள் பிச்சம்மாள்.

ஆபீசில் இருக்கிறது என்றார் மாசானம்.

அவள் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தா தெரியுதுல்லா ஆபீஸு. கரையோட நடந்தா நிமிசத்துல போயிரலாம். நடந்து போங்களேன்."

கொம்பையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏ தாயி, நடை எங்களுக்கு மருந்து. இப்பத்தான் சாப்பிட்டு வந்திருக்கோம். உடனே இன்னொரு தடவை சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அதில் இருந்த நியாயம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆவுடையப்பன் வீசிக்கொண்டிருந்த கையைப் பயந்து நிறுத்தினான்.

பிச்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். மெலிந்து, முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி நின்றார். நாமக்கல்லுக்கு இனி அவர் போகவேண்டியதில்லை. அந்த மட்டும் சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. "அப்போ என்னதான் செய்யப்போறீக?" என்றாள்.

மாசானம் துண்டை உதறிப் போட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் கொம்பையா உட்கார்ந்தார். அப்புறம் வேலாயுதக்கனி, இசக்கியம்மா, கடைசியில் ஆவுடையப்பன். ஐந்து பேரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

"வேன் வரட்டும், போகுதோம்" என்றார் மாசானம். "அந்த டிரைவர் ஒருநாளும் லேட்டாக்க மாட்டான்."

 பிச்சம்மாள் முறத்தை மடியில் எடுத்து வைத்து, விட்ட இடத்திலிருந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள்.